உணவுக்குழாய் ஆபரேஷனுக்குப் பிறகு இதயத்தைச் சுற்றிப் பால் போன்ற நீர்: இது என்ன, அடுத்து என்ன?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அப்பாவுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். கீமோ, ரேடியேஷன் முடிந்து ஆபரேஷனும் நடந்தது. உணவுக்குழாயை எடுத்துவிட்டு, வயிற்றையே குழாய் மாதிரி தைத்து மார்புக்குள் இழுத்து வைத்திருக்கிறார்கள். வீடு திரும்பிய சில வாரங்களில் மூச்சுத்திணறல், கால் வீக்கம். எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்தால் இதயத்தைச் சுற்றி நீர். ஊசி போட்டு எடுத்தபோது வெள்ளையாக வந்தது, அது ‘கைல்’ என்றார்கள். புற்றுநோய் திரும்பிவிட்டதா, ஆபரேஷனில் தவறு நடந்ததா, மறுபடி திறக்க வேண்டுமா என்று மகள் கேட்கிறார்.

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் தூங்கவிடாது. வெள்ளையாக வந்தது உண்மையிலேயே கைல்தான் என்று பரிசோதனையில் உறுதியானால், பெரும்பாலும் அது புற்றுநோய் திரும்பியதன் அடையாளம் அல்ல. உடம்பில் கொழுப்பைச் சுமந்து போகும் ஒரு குழாயின் பாதை உடைந்திருக்கிறது அல்லது அடைபட்டிருக்கிறது, அதில் ஓட வேண்டியது வேறு இடத்தில் தேங்குகிறது. ஆனால் ‘பெரும்பாலும்’ என்று நான் சொல்வதற்கும் உங்கள் அப்பாவின் விஷயத்தில் ‘இல்லை’ என்று உறுதியாவதற்கும் நடுவே ஒரு செல் பரிசோதனை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நாம் சாப்பிடும் எண்ணெய், நெய், பால் கொழுப்பு எல்லாம் சிறுகுடலில் உறிஞ்சப்பட்டதும் நேராக ரத்தத்துக்குப் போவதில்லை. மிக நுண்ணிய கொழுப்புத் துளிகளாகி நிணநீர்க் குழாய்களுக்குள் போகின்றன. அந்தக் கொழுப்பு கலந்த நிணநீர்தான் கைல். வயிற்றின் பின்சுவரில், முதுகெலும்பை ஒட்டி, அது ஒன்றுசேர்ந்து ஒரே குழாயாகிறது. அதை மருத்துவர்கள் தொராசிக் டக்ட் என்பார்கள். பெருந்தமனி உதரவிதானத்தைக் கடக்கும் அதே வாசல் வழியாக மார்புக்குள் நுழைந்து, முதுகெலும்புக்கு முன்னால் சற்று வலப்பக்கமாக, உணவுக்குழாய்க்குப் பின்னால் ஏறுகிறது. மார்பின் நடுப்பகுதியில், 5வது மார்பு முதுகெலும்பு அளவில், இடப்பக்கம் திரும்புகிறது. கழுத்தின் இடப்பக்க அடியில் பெரிய சிரைகள் இரண்டும் சேரும் முனையில் ரத்தத்தோடு கலக்கிறது. குழாயின் அகலம் சில மில்லிமீட்டர்தான். ஆனால் ஒரு நாளைக்கு 2 லிட்டர் அளவுக்கு அதில் ஓடும், கொழுப்பான சாப்பாட்டுக்குப் பிறகு இன்னும் கூடும்.

இந்தப் பாதையைப் படித்ததும் ஒன்று புரிந்திருக்கும். உணவுக்குழாயைப் புற்றுநோய்க்காக எடுக்கும்போது அதைச் சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்களையும் கொழுப்பையும் சேர்த்தே எடுக்கிறார்கள். தொராசிக் டக்ட் கிடப்பது அதே படுக்கையில். சில அறுவை நிபுணர்கள் அதை வேண்டுமென்றே கட்டிவிடுவார்கள். புற்றுக்கட்டி அதை ஒட்டி இருந்தால் சேர்த்தே எடுத்துவிடுவதும் உண்டு. எப்போதும் கட்டிவிடுவதா, சேதம் தெரிந்தால் மட்டும் கட்டுவதா என்பதில் இன்றுவரை எல்லோருக்கும் ஒரே கருத்து கிடையாது.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஆபரேஷனுக்கு வரும் நோயாளி பட்டினி. பட்டினியில் கைல் வெள்ளையாக இருக்காது, கிட்டத்தட்ட நிறமற்ற நீராக இருக்கும், குழாயும் கண்ணுக்குத் தெரியாத சவ்வு மாதிரிக் கிடக்கும். 1622இல் இத்தாலியின் காஸ்பாரே அசெல்லி ஒரு நாயைத் திறந்தபோது குடலைச் சுற்றி வெள்ளை நாளங்களைக் கண்டார். இன்னொரு நாயில் தேடினார், ஒன்றும் இல்லை. முதல் நாய் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தது, இரண்டாவது பட்டினி என்று அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. நானூறு ஆண்டு கழித்தும் ஆபரேஷன் தியேட்டரில் அதே பிரச்சினைதான். அதனால்தான் சில இடங்களில் ஆபரேஷனுக்குச் சில மணி நேரம் முன்பு ஆலிவ் எண்ணெயோ கிரீமோ கொடுத்துக் குழாயை வெளுக்க வைக்கிறார்கள். ஒளிரும் சாயத்தை நிணநீர்க் கணுவில் ஏற்றி, தனி கேமரா வழியே பார்ப்பது புதிய முறை.

ஆகவே “தவறு நடந்ததா” என்ற கேள்விக்கு என் பதில்: நல்ல கைகளிலும் இது நடக்கும். உணவுக்குழாய் ஆபரேஷனுக்குப் பிறகு கைல் கசிவது தோராயமாக நூற்றில் 1 முதல் 4 பேருக்கு நடப்பதாகப் பல மருத்துவமனைகளின் கணக்குகள் சொல்கின்றன. ஆபரேஷனுக்கு முன் கையெழுத்து வாங்கும் தாளில் இந்த ஆபத்து எழுதப்பட்டிருப்பது சம்பிரதாயத்துக்காக அல்ல. குழாய் சேதமானதை வைத்து மட்டும் மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன். மூச்சுத்திணறலோடு வந்தவரை நாள்கணக்கில் காக்க வைத்திருந்தால், அது வேறு பேச்சு.

ஆனால் அந்த 1 முதல் 4 பேரில் ஏறக்குறைய எல்லோருக்கும் கைல் தேங்குவது நுரையீரலைச் சுற்றியுள்ள இடத்தில்தான். ஆபரேஷனில் அந்த உறை ஏற்கெனவே திறந்திருக்கும், பக்கத்தில் நீரை வெளியே வடிக்கும் டிரெயின் குழாயும் இருக்கும். ஐசியுவில் டிரெயின் பாட்டிலில் முதல் சில நாள் வெளிறிய நீர் நிறைய வரும். பிறகு பீடிங் டியூபில் உணவு தொடங்கியதும் ஒரே நாளில் வெள்ளையாக மாறும். அது எல்லா நர்ஸுக்கும் தெரியும். இதயத்தைச் சுற்றிய உறைக்குள், அதாவது பெரிகார்டியத்துக்குள், கைல் தேங்குவது மிக அரிது. உணவுக்குழாய் ஆபரேஷனுக்குப் பிறகு அப்படி நடந்ததை மருத்துவ இதழ்களில் தனித்தனி நோயாளிக் குறிப்புகளாகத்தான் எழுதியிருக்கிறார்கள். இதய ஆபரேஷனுக்குப் பிறகு, அதுவும் குழந்தைகளில், இது சற்று அதிகம். காரணமே இல்லாமல் தானாக வரும் ஒரு வகையும் உண்டு, 1954இல் குரோவ்ஸ், எஃப்லர் என்ற இருவர் அதைத் தனி நோயாக விவரித்தார்கள். இந்த அரிதான தன்மைக்கு ஒரு நடைமுறை விளைவு இருக்கிறது: எந்தச் சிகிச்சை மேல் என்று நூற்றுக்கணக்கானோரை ஒப்பிட்ட ஆய்வு இதற்குக் கிடையாது. உங்கள் மருத்துவர்கள் நுரையீரல் பக்கக் கசிவில் கற்றதை இங்கே பொருத்திப் பார்க்கிறார்கள். இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் அதனால்தான், பயப்பட வேண்டாம்.

பின்னால் ஓடும் குழாயின் கைல் முன்னால் இருக்கும் இதய உறைக்குள் எப்படிப் போகிறது? இரண்டு வழி இருக்கலாம். ஒன்று நேரடியானது. உணவுக்குழாயின் முன்சுவர் இதய உறையின் பின்சுவரை ஒட்டியே இருக்கிறது. கட்டியைப் பிரிக்கும்போது உறையில் ஒரு கிழிசல் விழலாம், அல்லது ஒட்டியிருந்த பகுதியை வேண்டுமென்றே வெட்டி எடுத்திருக்கலாம். கசியும் கைல் அந்தத் துளை வழியே உள்ளே போகிறது.

இரண்டாவது வழி பின்னோக்கி ஓடுவது. இதயத்துக்கும் அதன் உறைக்கும் சொந்தமாக நிணநீர் நாளங்கள் உண்டு, அவை நடுமார்பின் கணுக்கள் வழியாக வெளியேறுகின்றன. தொராசிக் டக்டைக் கட்டினால் பொதுவாக ஒன்றும் ஆவதில்லை. கைல் கிளைப்பாதைகளைப் பிடித்துச் சிரைகளுக்குப் போய்விடும். ஆனால் கணுக்களையெல்லாம் எடுத்தபின், ரேடியேஷனில் எஞ்சிய நாளங்கள் இறுகியபின், கிளைப்பாதைகள் குறைவு. அழுத்தம் ஏறும்போது நாளங்களின் வால்வு தோற்றுவிட்டால், கைல் எதிர்த்திசையில் ஓடி இதய உறைக்குள் கசியும். கீமோ மருந்து ஏற்றக் கழுத்து அல்லது தோள் சிரையில் போட்ட போர்ட் குழாயைச் சுற்றி ரத்தம் உறைந்து, குழாய் கலக்கும் வாசலே அடைபட்டாலும் இதே கதை. இந்த இரண்டாவது வகையில் நுரையீரலைச் சுற்றி ஒரு சொட்டுக் கைலும் இல்லாமல் இதயத்தைச் சுற்றி மட்டும் தேங்கலாம். “மார்பு டிரெயினில் வெள்ளையாக வரவே இல்லையே, அப்புறம் எப்படி?” என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். இப்படித்தான். கழுத்துச் சிரைகளில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்களா என்று கேளுங்கள். எளிய பரிசோதனை, ஆனால் பலமுறை நினைவுக்கு வருவதில்லை.

சரி, கைல் ஏன் ஆபத்து? ரசாயனமாகப் பார்த்தால் அது சாதுவானது. கிருமி எளிதில் வளராது, சீழ் மாதிரி அரிக்காது. ஆபத்து இடத்தில்தான். இதய உறை சீக்கிரம் விரியாத ஒரு பை. இயல்பில் அதற்குள் 15 முதல் 50 மில்லி நீர்தான் இருக்கும். வேகமாகச் சேர்ந்தால் 150, 200 மில்லியே இதயத்தை நெரித்துவிடும். மெல்லச் சேர்ந்தால் பை விரிந்து கொடுத்து 1 லிட்டருக்கு மேலும் தாங்கும். நெரிபடும்போது முதலில் பாதிக்கப்படுவது வலப்பக்க அறைகள், அவற்றின் சுவர் மெல்லியது. ரத்தம் உள்ளே வர முடியாமல் கழுத்துச் சிரை புடைக்கும், கால் வீங்கும், கல்லீரல் கனக்கும். வெளியே போகும் ரத்தம் குறைந்து பிரஷர் இறங்கும், நாடி வேகமாகும். பிரஷர் குறைவு, புடைத்த கழுத்துச் சிரை, மங்கிய இதய ஒலி என்ற மூன்றையும் 1935இல் கிளாட் பெக் சேர்த்துச் சொன்னார். மூன்றும் ஒன்றாகத் தெரியும்வரை காத்திருந்தால் நேரம் கடந்துவிடும். இதயம் இப்படி நெரிபடுவதற்கு டாம்பனாட் என்று பெயர். கேஸ் ஷீட்டில் இந்தச் சொல்லைப் பார்த்தால் அவசரம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. மூச்சுத்திணறலும் கால் வீக்கமும் என்றதும் பக்கத்துக் கிளினிக்கில் லேசிக்ஸ் எழுதிவிடுவார்கள். நீர் பிரியும் மாத்திரை சாதாரண இதயச் செயலிழப்பில் உதவும். நெரிபடும் இதயத்துக்கு அது கெடுதல், ஏனென்றால் அந்த இதயம் உள்ளே வரும் ரத்தத்தின் அழுத்தத்தை நம்பித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. டாம்பனாட் நோயாளிக்கு நீரை எடுக்கும்வரை சிரை வழியாகச் சலைன் கொடுத்துத் தாங்குவதே வழக்கம். உணவுக்குழாய் ஆபரேஷன் ஆனவருக்கு மூச்சுத்திணறல் புதிதாக வந்தால் மாத்திரைக்கு முன் எக்கோ.

அந்த எக்கோவும் இவர்களுக்கு அவ்வளவு சுலபம் இல்லை. மார்புக்குள் வைத்த வயிறு இதயத்துக்குப் பின்னால் காற்றோடும் உணவோடும் கிடக்கிறது. எக்ஸ்ரேயில் இதய நிழல் பெரிதாகத் தெரிந்தால் அது நீரா வயிறா என்று சொல்வது கடினம். வயிறே உப்பி இதயத்தைப் பின்னாலிருந்து அழுத்தினாலும் டாம்பனாட் மாதிரியே இருக்கும். அப்போது தேவைப்படுவது மூக்கு வழியாக ஒரு குழாய், இதயத்தில் ஊசி அல்ல. பின்பக்கம் மட்டும் தேங்கிய நீர் மார்பின் மேலிருந்து பார்க்கும் எக்கோவில் தப்பிவிடலாம். மற்றவர்களுக்கு என்றால் உணவுக்குழாய் வழியாகக் கருவியைச் செலுத்திப் பார்ப்பார்கள். இவருக்கு அந்தப் பாதையில் புதுத் தையல் இருக்கிறது, அதனால் அதைத் தவிர்த்து சிடி ஸ்கேன் எடுப்பார்கள்.

ஊசி போடுவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வழக்கமாக நெஞ்செலும்பின் கீழ்முனைக்குப் பக்கத்திலிருந்து, எக்கோ பார்த்துக்கொண்டே செலுத்துவார்கள். வயிற்றை மேலே கொண்டுபோன பாதை முதுகெலும்பு பக்கமாக இருந்தால் பிரச்சினை குறைவு. சிலருக்கு நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு முன்னால் கொண்டுபோயிருப்பார்கள். அப்போது ஊசியின் வழியில் வயிறு குறுக்கே வரும். ஆபரேஷன் ஒரு மருத்துவமனையிலும் அவசரம் வேறு மருத்துவமனையிலும் என்றால் இது தெரியாமல் போக வாய்ப்பு உண்டு. ஆபரேஷன் நோட்ஸின் நகல் எப்போதும் கையில் இருக்கட்டும். டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டு பக்கம்தான் இருக்கும். எந்தப் பாதை, டக்டைக் கட்டினார்களா, இதய உறை திறந்ததா என்ற மூன்றும் பெரும்பாலும் அதில் இருக்காது. ஆபரேஷன் நோட்ஸைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

இனி அந்த வெள்ளை நீர். அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருப்பதெல்லாம் கைல் அல்ல. சீழும் அப்படி இருக்கும். பல மாதம் பழகிப்போன அழற்சி நீரில் கொலஸ்ட்ரால் படிந்தும் வெளுத்திருக்கும். காசநோய், மூட்டுவாதம், தைராய்டு குறைவு இவற்றில் அது வரும். சிரை வழியாகக் கொழுப்புச் சத்து ஏற்றும் நீண்ட குழாயின் நுனி சிரையைத் துளைத்து வெளியே வந்துவிட்டால், அந்தச் சத்து நீரே தேங்கி வெள்ளையாக வரும். அதில் சர்க்கரை எக்கச்சக்கமாக இருக்கும், அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். கைல் என்பதற்குப் பொதுவாகப் பார்ப்பது டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு. 100 மில்லி நீரில் 110 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கைல், 50க்குக் கீழ் இருந்தால் பெரும்பாலும் இல்லை, நடுவில் இருந்தால் கைலோமைக்ரான் எனும் கொழுப்புத் துளிகளைத் தனியாகத் தேட வேண்டும். இந்த அளவுகள் நுரையீரல் பக்க நீரை வைத்து வகுக்கப்பட்டவை, இதய உறைக்கும் அதையே பயன்படுத்துகிறார்கள். கைலில் இருக்கும் செல்களில் பெரும்பகுதி லிம்போசைட் எனும் வெள்ளை அணுக்கள். பட்டினியில் இருப்பவருக்கு டிரைகிளிசரைடு குறைவாகக் காட்டி ஏமாற்றலாம். அப்படிச் சந்தேகம் வந்தால் சற்றுக் கொழுப்புள்ள உணவு கொடுத்து மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள்.

அதே நீரில் வேறு சிலவற்றையும் பார்த்தாக வேண்டும். புற்றுநோய் செல் இருக்கிறதா என்ற சைட்டாலஜி, கிருமி வளர்ப்பு, காசநோய்க்கான ஏடிஏ, அப்புறம் உமிழ்நீரில் இருக்கும் அமைலேஸ் எனும் நொதி. கடைசியாகச் சொன்னது ஏன் என்றால், தையல் விட்டு உமிழ்நீர் கசிந்து இதய உறையை எட்டியிருந்தால் அமைலேஸ் ஏறியிருக்கும். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு இதயத்தைச் சுற்றி நடக்கக்கூடியவற்றில் நான் மிகவும் அஞ்சுவது அதைத்தான்: மேலே இழுத்து வைத்த வயிற்றில் புண் வந்து, அது இதய உறைக்குள் துளைத்துவிடுவது. ஆபரேஷன் முடிந்து ஆண்டுகள் கழித்தும் வரலாம். நெஞ்சுவலி, காய்ச்சல், சிடியில் இதயத்தைச் சுற்றிக் காற்று. அது மணிக்கணக்கில் உயிரைக் குடிக்கும், அதோடு ஒப்பிட்டால் கைல் பொறுமைசாலி. ரேடியேஷனால் இதய உறை அழன்று நீர் கோப்பதும் உண்டு, உணவுக்குழாய்க்கு ரேடியேஷன் கொடுக்கும்போது இதயத்தின் பின்பகுதி பங்கு வாங்காமல் இருப்பதில்லை. அந்த நீர் மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருக்கும். எடுத்த உணவுக்குழாயில் புற்று மிச்சம் இருந்ததால் இம்யூனோதெரபி தொடங்கியிருந்தால், அந்த மருந்தும் இதய உறையை அழல வைக்கலாம். இவை பொதுவாக இப்படிப் பால் வெள்ளையாக இருக்காது என்பதால் உங்கள் அப்பாவுக்கு வாய்ப்புக் குறைவு, ஆனாலும் பட்டியலில் இருந்து அடிக்கும்வரை இருக்கட்டும். யானைக்கால் நோய் பழகிய கும்பகோணம் போன்ற பகுதிகளில் பிறந்து வளர்ந்தவர் என்றால் ஃபைலேரியா பரிசோதனையும் கேட்கலாம். நிணநாளங்கள் முன்பே பாதிக்கப்பட்டவருக்குக் கிளைப்பாதைகளும் குறைவாகத்தான் இருக்கும்.

கைல் என்று உறுதியானபின் வரிசை இப்படி. முதலில் ஊசியோடு நிறுத்தாமல் மெல்லிய டிரெயின் ஒன்றை உறைக்குள் விட்டுவைப்பார்கள். ஒருமுறை எடுத்துவிட்டு அனுப்பினால் மறுபடி சேரும், அதோடு தினமும் எவ்வளவு வருகிறது என்ற கணக்கும் கிடைக்காது. அந்தக் கணக்கை வைத்துத்தான் மற்ற எல்லா முடிவும். பிறகு குழாயில் ஓடும் அளவைக் குறைக்க வேண்டும், கசிவு மூட அவகாசம் வேண்டும். வாய்வழிக் கொழுப்பை மிகவும் குறைத்துவிடுவது முதல் படி. அதிலும் குறையாவிட்டால் வாய்வழி உணவையே நிறுத்தி, சிரை வழியாக முழுச் சத்தும் கொடுப்பது அடுத்த படி. சிரை வழியாகக் கொழுப்பு ஏற்றினால் மட்டும் கசிவு அதிகரிக்காதா என்று பலர் கேட்பார்கள். அதிகரிக்காது, அது குடலையும் நிணக்குழாயையும் தொடாமல் நேராக ரத்தத்துக்குப் போகிறது. ஆக்ட்ரியோடைடு என்ற ஊசியை 100 மைக்ரோகிராம் வீதம் நாளைக்கு மூன்று முறை தோலுக்கடியில் போடுவது பரவலான வழக்கம். குடலின் சுரப்பையும் ரத்த ஓட்டத்தையும் குறைத்து நிணநீரைக் குறைக்கிறது. சான்று பலமானதில்லை, ஆனால் செலவைத் தவிர இழப்பும் அதிகமில்லை. சர்க்கரை அளவையும் நாடித்துடிப்பையும் கவனித்தால் போதும்.

சாப்பாட்டைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், வீட்டில் இருப்பவர்கள் கையில் இருப்பது இது ஒன்றுதான். ‘கொழுப்பில்லா உணவு’ என்றதும் நம் வீடுகளில் பொரித்ததையும் கறியையும் நிறுத்திவிட்டுத் தாளிப்பை மறந்துவிடுவோம். இங்கே இலக்கு நாள் முழுவதும் சேர்த்து 10 கிராமுக்குள். இரண்டு தேக்கரண்டி எண்ணெயிலேயே அது முடிந்துவிடும். தாளிக்காத ரசம், இட்லி, ஆவியில் வேகவைத்த காய், சோறு, பழம், முட்டையின் வெள்ளைக் கரு, கொழுப்பு நீக்கிய பாலும் அதில் உறைய வைத்த மோரும் பரவாயில்லை. தோசைக்கல்லில் தடவும் எண்ணெய், சட்னியில் தேங்காய், வேர்க்கடலை, எள்ளுப்பொடி, சாதாரண பால், ஹார்லிக்ஸ் கலக்கும் பால் எல்லாமே கணக்கில் வரும். பீடிங் டியூப் இன்னும் இருந்தால் அதில் போகும் மாவின் டப்பாவைப் பாருங்கள், சாதாரண கலவைகளில் நீண்ட சங்கிலிக் கொழுப்பு இருக்கும், மாற்றச் சொல்ல வேண்டும்.

கொழுப்பை நிறுத்தினால் கலோரி எங்கிருந்து வரும்? இவர் ஏற்கெனவே எடை இழந்தவர், சிறிய அளவில்தான் சாப்பிட முடியும். அதற்குத்தான் எம்சிடி எனும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு எண்ணெய். அதில் இருக்கும் கொழுப்பு அமிலங்கள் 8, 10 கார்பன் நீளமே கொண்டவை. அவை நிணக்குழாய் வழியாகப் போகாமல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குப் போய்விடும். இங்கே எல்லோரும் கேட்பது: தேங்காய் எண்ணெயும் அதுதானே? இல்லை. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம், 12 கார்பன். அதில் கணிசமான பங்கு நிணக்குழாய் வழியாகத்தான் போகிறது. இன்னொரு பெரிய பங்கு அதைவிட நீளமானது. 8ம் 10ம் சேர்த்து ஏழில் ஒரு பங்கு தேறினால் அதிகம். எம்சிடி எண்ணெய் விலை அதிகம், எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது, அதனால் சில மருத்துவமனைகளில் தேங்காய் எண்ணெயைச் சிறிய அளவில் அனுமதிப்பார்கள். வேறு வழியில்லாதபோது அது சமரசம். கடையில் எம்சிடி கிடைக்கும்போது தேங்காய் எண்ணெயை மருந்தாக நினைத்து ஊற்ற வேண்டாம். எம்சிடி எண்ணெயை அதிகச் சூட்டில் பொரிக்கப் பயன்படுத்தாமல், வெந்த சோற்றிலோ ரசத்திலோ கலந்து கொடுங்கள். ஒரு தேக்கரண்டியில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள், இல்லையென்றால் வயிற்றுப்போக்கு நிச்சயம். மூன்று வாரத்துக்கு மேல் போனால் உடம்புக்குக் கட்டாயம் தேவையான கொழுப்பு அமிலங்களும், ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் குறையும். அதை ஈடுகட்டுவது உணவியலாளர் வேலை, நீங்கள் ஞாபகப்படுத்தினால் போதும்.

டிரெயினில் போவது வெறும் நீர் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. புரதம், உப்பு, லிம்போசைட் எல்லாம் போகிறது. வாரக்கணக்கில் போனால் ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதம் இறங்கும், எதிர்ப்புச் சக்தி குறையும், தையல் ஆறாது. மார்புக்குள் கசியும் கைலைச் சிகிச்சையின்றி விட்டால் பாதிப் பேர் இறந்த காலம் உண்டு. 1948இல் லாம்ப்சன் மார்பைத் திறந்து குழாயைக் கட்டிக் காட்டிய பிறகுதான் அது மாறியது. ஆகவே பொறுத்துப் பார்ப்பதற்கு ஒரு கெடு வேண்டும். உணவுக்குழாய் ஆபரேஷனுக்குப் பின் மார்பில் கசியும் கைலுக்குப் பலர் வைத்திருக்கும் அளவு: ஐந்தாம் நாளில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 மில்லிக்குக் கீழ் வந்துவிட்டால் தானாக மூட நல்ல வாய்ப்பு. 50 கிலோ மனிதருக்கு அரை லிட்டர். நாளைக்கு 1 லிட்டருக்கு மேல் போய்க்கொண்டே இருந்தால் காத்திருப்பதில் அர்த்தமில்லை. இதய உறையில் அளவு இதைவிடக் குறைவாகத்தான் வரும். அங்கே பார்க்க வேண்டியது நாளுக்கு நாள் குறைகிறதா என்பது. இரண்டு வாரம் முறையான பத்தியமும் சிகிச்சையும் இருந்தும் குறையவில்லை என்றால், அடுத்த கட்டத்தைப் பற்றி மருத்துவரிடம் நீங்களே பேச்சைத் தொடங்குங்கள்.

அடுத்த கட்டம் என்றால் உடனே மார்பைத் திறப்பது என்று பொருளல்ல. இடுப்பு மடிப்பில் உள்ள நிணநீர்க் கணுவில் லிபியோடால் என்ற அயோடின் கலந்த எண்ணெயை ஏற்றி, அது மேலே ஏறுவதை எக்ஸ்ரேயில் பார்க்கிறார்கள். எங்கே கசிகிறது, எங்கே பின்னோக்கி ஓடுகிறது என்று தெரியும். சிலருக்கு அந்த எண்ணெயே கசிவை அடைத்துவிடுவதும் உண்டு. இன்னும் ஒரு படி போய், வயிற்றுத் தோல் வழியாக நுண்ணிய ஊசியால் குழாயின் அடியைத் தொட்டு, உள்ளே கம்பிச்சுருளும் பசையும் வைத்து அடைப்பதை அமெரிக்காவின் கோப் 1990களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். நல்ல கையில் இது ஆபரேஷனைத் தவிர்க்கும். ஆனால் ஸ்கேன் பார்த்தே ஊசி, குழாய் வழியாக இதைச் செய்யும் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி குழு பெரிய மையங்களில்தான் இருக்கிறது, எல்லா மாவட்டத்திலும் எதிர்பார்க்க முடியாது. ஆபரேஷனிலேயே குழாயைக் கட்டிவிட்டிருந்தால் அதற்குள் போவதும் சிரமம்.

அதுவும் ஆகவில்லை என்றால் ஆபரேஷன். வலப்பக்க மார்பில் சிறு துளைகள் வழியாக, உதரவிதானத்துக்குச் சற்று மேலே குழாயை அதைச் சுற்றியுள்ள திசுவோடு சேர்த்துக் கட்டுவார்கள். கூடவே இதய உறையில் ஒரு ஜன்னல் வெட்டிவிடுவார்கள். ஜன்னல் மட்டும் போதுமே என்று சிலர் கேட்பார்கள். இதயத்தின் மேல் உள்ள அழுத்தம் போகும், உண்மை. ஆனால் கசிவு நிற்காது, அதே கைல் இனி நுரையீரல் பக்கம் ஓடும். இதயப் பிரச்சினை மார்புப் பிரச்சினையாக மாறும், சத்து இழப்பு தொடரும். உடல்நிலை பெரிய ஆபரேஷனைத் தாங்காதவருக்கு அந்தச் சமரசமும் சரிதான், தெரிந்தே செய்தால். முன்பே குழாயைக் கட்டிய பிறகு பின்னோக்கி ஓடும் வகை என்றால், மறுபடி எங்கே கட்டுவது என்பது லிபியோடால் படத்தைப் பார்க்காமல் முடிவு செய்யக்கூடாத விஷயம். படம் எடுக்காமல் நேராக ஆபரேஷன் என்றால் இன்னொரு மையத்தில் கருத்துக் கேளுங்கள், அதில் கூச்சம் வேண்டாம்.

டிரெயினை எடுப்பதற்கு முன் சாதாரண உணவைச் சற்றுக் கொடுத்து, அளவு கூடுகிறதா, நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம். பட்டினியில் வற்றியதைப் பார்த்து எடுத்துவிட்டு, வீட்டில் ஒரு விருந்துக்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் உண்டு. எடுத்தபின் ஒரு வாரத்தில், ஒரு மாதத்தில், அப்புறம் மூன்று மாதத்தில் எக்கோ என்று நான் கேட்பேன். நீண்ட நாள் கைல் ஊறிய உறை சிலருக்கு மாதங்கள் கழித்துத் தடித்து இறுகும். அப்போது நீர் இல்லாமலே கால் வீக்கமும் வயிற்று உப்பலும் வரும். ரேடியேஷனும் வாங்கிய உறை என்பதால் அதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம். சைட்டாலஜியில் புற்று செல் இல்லை, ஆபரேஷனுக்கு முந்தைய ஸ்கேனோடு ஒப்பிட்டால் சிடியில் புதிய கணு இல்லை என்றால், இதைக் குழாய்ப் பிரச்சினையாக மட்டும் நடத்தலாம். ஒரு சைட்டாலஜி ‘இல்லை’ என்றால் முழு உறுதி கிடையாது, டிரெயின் இருக்கும்போதே இரண்டாவது முறை அனுப்பச் சொல்லுங்கள், செலவு அதிகமில்லை. மார்பின் மேல்பகுதியில் புதிதாகக் கணு தடித்து அதுவே குழாயை அழுத்துகிறது என்றால் கதை வேறு. அப்போது புற்றுக்கான சிகிச்சைதான் கைலுக்கும் சிகிச்சை, கட்டுவதும் அடைப்பதும் இரண்டாம்பட்சம். அதனால் புற்றுநோய் மருத்துவரும் இதய மருத்துவரும் ஆபரேஷன் செய்தவரும் ஒரே சிடியைச் சேர்ந்து பார்த்தார்களா என்று கேளுங்கள். மூவரும் தனித்தனியாகப் பார்த்துத் தனித்தனியாக எழுதியிருந்தால், மூன்று தாளையும் எடுத்துக்கொண்டு ஆபரேஷன் செய்தவரிடமே முதலில் போங்கள். அந்த மார்புக்குள் எது எங்கே இருக்கிறது என்று நேரில் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.